எச்.ஐ.வி.-2: சிகிச்சைக்கு வருவோரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை முடிவில் "எச்.ஐ.வி.-2 ரியாக்டிவ்" என்றோ, "1, 2 இரண்டும் ரியாக்டிவ்" என்றோ எழுதி வந்தால் குழப்பம் வருவது இயல்பு (ரியாக்டிவ் என்றால் அந்த வகைக்கான பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டியது என்று பொருள்). எச்.ஐ.வி. பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் எச்.ஐ.வி.-1 பற்றியதுதான். இந்தப் பக்கம் மற்ற வகையைப் பற்றியது. நோயாளிகளுக்கும், அவர்களோடு இருப்பவர்களுக்கும், ஆய்வு முடிவுகளில் வரும் சதவீதங்களைப் பார்த்து "இது கூடவா, குறைவா?" என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும்.

எச்.ஐ.வி.-யில் இரண்டு வகை உண்டா?

உண்டு. 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்டது எச்.ஐ.வி.-1. உலகம் முழுக்கப் பரவியிருப்பது அதுதான். எச்.ஐ.வி.-2 அதற்கு உறவு, ஆனால் தூரத்து உறவு. இரண்டின் மரபணு வரிசையும் பாதியை ஒட்டித்தான் ஒத்துப்போகிறது.

வந்த வழியும் வேறு. எச்.ஐ.வி.-1-இன் பிரதானப் பிரிவு மத்திய ஆப்பிரிக்காவின் சிம்பன்சிகளிடமிருந்து மனிதருக்குத் தாவியது. எச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சூட்டி மாங்கபே என்ற குரங்கிடமிருந்து வந்தது. அதுவும் ஒரே தடவை இல்லை, பல தடவை தனித்தனியாகத் தாவியிருக்கிறது. அப்படி வந்த பிரிவுகளில் ஏ (A), பி (B) என்ற இரண்டு மட்டுமே மனிதர்களிடையே நிலைத்துப் பரவின. மற்றவை ஓரிருவரிடம் காணப்பட்டதோடு சரி.

பரவும் வழிகளில் வித்தியாசம் இல்லை: பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஆனால் அந்த வழிகளில் பரவும் வேகம் எச்.ஐ.வி.-2-க்குப் பல மடங்கு குறைவு.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

முதல் துப்பு 1985-இல் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில் கிடைத்தது. அங்கே பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றிலிருந்த ஆன்டிபாடிகள் (வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் புரதங்கள்) எச்.ஐ.வி.-யைவிடக் குரங்குகளில் காணப்படும் அதே இனத்து வைரஸோடு அதிகம் ஒத்துப்போயின. இது என்ன புது விஷயம் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோதே லிஸ்பனில் இன்னொரு புதிர். கினி-பிசாவ், கேப் வெர்டே நாடுகளிலிருந்து வந்த சில நோயாளிகளுக்கு எய்ட்ஸ் அறிகுறிகள் அத்தனையும் இருந்தன, எச்.ஐ.வி. பரிசோதனை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. போர்ச்சுகல் ஆய்வாளர் ஒடெட் ஃபெரைரா அந்த ரத்த மாதிரிகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். லுக் மொன்டானியேயின் குழு 1986-இல் அதிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தது.

ஆக, நோயாளிகள் சிகிச்சைக்கு வந்த இடத்தில் "இந்த டெஸ்ட் முடிவு இவருக்குப் பொருந்தவில்லையே" என்று யாரோ ஒருவர் சந்தேகப்பட்டதால்தான் இது வெளியே வந்தது. அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தேவைப்படுகிறது. ஏன் என்று கீழே வரும்.

உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை. எச்.ஐ.வி.-யோடு வாழும் மொத்தப் பேர் சுமார் 4 கோடி என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய பங்கு. அதுவும் உலகமெங்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. கினி-பிசாவ், காம்பியா, செனகல், ஐவரி கோஸ்ட், கேப் வெர்டே என்று மேற்கு ஆப்பிரிக்காவில்தான் குவிந்திருக்கிறது. அதற்கு வெளியே போர்ச்சுகல், பிரான்ஸ், பிறகு போர்ச்சுகலோடு பழைய தொடர்புள்ள அங்கோலா, மொசாம்பிக், பிரேசில் போன்ற நாடுகள். இந்தியாவில் 1991-இல் பதிவானது. அங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிறு பங்கினருக்கே இது இருக்கிறது.

கினி-பிசாவில் கிடைத்த எண்கள்தான் உச்சம். அந்நாட்டின் காயோ என்ற கிராமப்புறப் பகுதியில் 1990-இல் பெரியவர்களில் 8.3 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி.-2 இருந்தது. அதே பகுதியில் 2007-இல் 4.7 சதவீதம். இந்த இடைவெளியில் எச்.ஐ.வி.-1 0.5-லிருந்து 3.6 சதவீதமாக ஏறிவிட்டது. ஒன்று இறங்க, மற்றது ஏற, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மறுமுனையில் அமெரிக்கா. 1988 முதல் 2010 நடுப்பகுதி வரை அங்கே எச்.ஐ.வி.-2 என்று அறிவிக்கப்பட்டவை 242. அவற்றில் வரையறைக்குள் வந்தவை 166 மட்டுமே. அந்த 166 பேரில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள்.

ஏன் குறிப்பாகக் கினி-பிசாவ்?

1963 முதல் 1974 வரை அங்கே போர்ச்சுகலுக்கு எதிரான விடுதலைப் போர் நடந்தது. படைகளின் நடமாட்டம், ரத்தம் ஏற்றுதல், பாலியல் தொழில், சரியாகச் சுத்திகரிக்காத ஊசிகளால் நடந்த ஊசி மருந்து முகாம்கள் ஆகியவை சேர்ந்து வைரஸை வேகமாகப் பரப்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். போர்ச்சுகல் வீரர்கள் மூலம் அது ஐரோப்பாவுக்கும் போனது.

போர் முடிந்த பிறகு அந்த வேகம் குறைந்தது. அதனால்தான் அங்கே எச்.ஐ.வி.-2 இளைஞர்களைவிட வயதானவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அடுத்த கேள்விக்கு இந்த வயது விவகாரம் ரொம்ப முக்கியம்.

"நோயாளிகளிடையே எச்.ஐ.வி.-2 பரவல் இத்தனை சதவீதம்" என்றால் ஊரில் உள்ள எல்லோரிலும் அத்தனை சதவீதம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான தவறான புரிதல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிகிச்சை மையத்துக்கு வருகிறவர்கள் மக்கள்தொகையின் மாதிரி அல்ல. ஏதோ ஒரு காரணத்துக்காக வந்தவர்கள். பால்வினை நோய் சிகிச்சைப் பிரிவில் எடுத்த எண் ஊர் நிலவரத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், தொற்று வாய்ப்பு அதிகமுள்ளவர்களே அங்கு வருவதால். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் இடத்தில் எடுக்கும் எண் பொது மக்களுக்கு நெருக்கமானது என்று கருதப்படுகிறது. எச்.ஐ.வி.-1-க்கு அது ஓரளவு பொருந்தும். எச்.ஐ.வி.-2-க்கு அவ்வளவாகப் பொருந்தாது. பிள்ளைப்பேறு வயதில் இருப்பவர்களை மட்டும் சோதித்தால், 45, 50 வயதைத் தாண்டியவர்களிடம் குவிந்திருக்கும் ஒரு தொற்று கண்ணில் படாமலே போய்விடும்.

பொது மருத்துவமனை வார்டுகளில் இன்னொரு சிக்கல். எச்.ஐ.வி.-2 உள்ளவர் பல வருடங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பார். அவருக்கு மருத்துவமனைப் பக்கம் வரவே காரணம் இருக்காது. ஆகவே நோயுற்று வருகிறவர்களை மட்டும் எண்ணினால் இந்த வகை குறைவாகத் தெரியும். அதேசமயம், தொற்றியவர்கள் நீண்ட காலம் உயிரோடு இருப்பதால், புதுத் தொற்று குறைந்த பிறகும் மொத்த எண்ணிக்கை சட்டென்று இறங்காது. "பரவல்" என்பது இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எத்தனை பேருக்குப் புதிதாக வருகிறது என்பதைச் சொல்லவில்லை.

அப்புறம் சதவீதம் எதனுடையது என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு மையத்தில் 2,000 பேரைச் சோதிக்கிறார்கள். 100 பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அதில் 90 பேருக்கு எச்.ஐ.வி.-1 மட்டும், 4 பேருக்கு எச்.ஐ.வி.-2 மட்டும், மீதி 6 பேருக்கு இரண்டுக்கும் ரியாக்டிவ். இப்போது எச்.ஐ.வி.-2 எவ்வளவு? வந்தவர்களில் என்றால் 0.2 சதவீதம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் என்றால் 4 சதவீதம். இரண்டுக்கும் ரியாக்டிவ் ஆனவர்களையும் சேர்த்தால் 10 சதவீதம். ஒரே ரத்தம், ஒரே டெஸ்ட், மூன்று விடை. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் அது மொத்தம் எத்தனை பேரில், யாரில் கணக்கிட்டது, அந்த 6 பேரை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். இதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தலைப்பில் போடும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இரண்டுக்கும் ரியாக்டிவ் என்றால் இரண்டும் இருக்கிறது என்றுதானே பொருள்?

பல சமயம் இல்லை. ஆன்டிபாடி டெஸ்ட் வைரஸை நேராகப் பார்ப்பதில்லை. உடம்பு அதற்கு எதிராகத் தயாரித்ததைப் பார்க்கிறது. இரண்டு வைரஸ்களின் உள்புரதங்களும் ஓரளவு ஒத்திருப்பதால், ஒன்றுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி பரிசோதனைப் பட்டையில் மற்றதற்கான கோட்டிலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். குறிப்பாக எச்.ஐ.வி.-1 அதிக நாளாக உள்ளவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருக்கும்போது, எச்.ஐ.வி.-2 கோடும் மங்கலாகத் தெரியலாம். எதிர்ப்பக்கமும் நடக்கும்: மேலே சொன்ன அமெரிக்காவின் 166 பேரில் 97 பேருக்கு எச்.ஐ.வி.-1-க்கான வெஸ்டர்ன் பிளாட் என்ற ஆன்டிபாடி பரிசோதனையும் பாசிட்டிவ் காட்டியது.

வைரஸின் வெளியுறைப் புரதம் இரண்டிலும் வேறு வேறு. எச்.ஐ.வி.-1-க்கு ஜிபி41, எச்.ஐ.வி.-2-க்கு ஜிபி36. வகை பிரிக்கும் பரிசோதனைகள் இந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால் ரத்தத்தில் வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனைக்குப் போக வேண்டும். இரண்டு வைரஸும் உண்மையிலேயே இருக்கிறதா என்று அதுதான் சொல்லும்.

முதல் பரிசோதனையில் எச்.ஐ.வி.-2 தப்பிவிடுமா?

இப்போது புழக்கத்தில் இருக்கும் ராபிட், எலிசா பரிசோதனைகள் பெரும்பாலும் இரண்டு வகையின் ஆன்டிபாடிகளையும் பிடிப்பவை. "தொற்று இருக்கிறது" என்பது தப்புவது அரிது. தப்புவது "எந்த வகை" என்பதுதான். பல இடங்களில் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் எச்.ஐ.வி.-1 என்றே எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நான்காம் தலைமுறைப் பரிசோதனைகள் ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் தேடும். அது எச்.ஐ.வி.-1-க்கு என்று வடிவமைக்கப்பட்டது. தொற்றிய ஆரம்ப நாட்களில் கிடைக்கும் அந்தக் கூடுதல் பயனை எச்.ஐ.வி.-2-க்கு எதிர்பார்க்க முடியாது.

வைரல் லோட் "கண்டறிய முடியவில்லை" என்று வந்திருக்கிறது, ஆனால் சிடி4 குறைந்துகொண்டே போகிறது. எப்படி?

வைரல் லோட் என்பது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, சிடி4 என்பது எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை. வழக்கமான வைரல் லோட் பரிசோதனைகள் எச்.ஐ.வி.-1-ஐ மட்டும் எண்ணுபவை. எச்.ஐ.வி.-2 எவ்வளவு இருந்தாலும் அவற்றின் கண்ணில் படாது. மருந்தே சாப்பிடாத ஒருவருக்கு "கண்டறிய முடியவில்லை" என்று வந்து, சிடி4 மட்டும் இறங்கினால், மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது "இது எச்.ஐ.வி.-2-ஆக இருக்குமோ?" என்பதே. அந்தப் பேப்பரைப் பார்த்து நோயாளியும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்திருப்பார்கள், உள்ளே நோய் நகர்ந்துகொண்டிருக்கும். எச்.ஐ.வி.-2-க்கு என்றே வைரல் லோட் பரிசோதனை இருக்கிறது. எல்லா ஆய்வகங்களிலும் செய்வதில்லை, பெரிய பரிந்துரை ஆய்வகங்களுக்கு மாதிரி அனுப்ப வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம்: எச்.ஐ.வி.-2-க்கான சரியான பரிசோதனை செய்தாலும் பலருக்கு வைரஸ் அளவு மிகக் குறைவாகவே வரும். ஆகவே சிடி4 எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் நிலைமையைக் கணிக்கிறார்கள்.

இது மென்மையான வகை, சிகிச்சை தேவையில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து.

வேகம் குறைவு என்பது நிச்சயம். கினி-பிசாவ் காவல்துறையினரை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. தொற்றியதிலிருந்து எய்ட்ஸ் நிலைக்கு வர எச்.ஐ.வி.-1-க்கு நடுமதிப்பு 6.2 ஆண்டுகள், எச்.ஐ.வி.-2-க்கு 14.3 ஆண்டுகள். மருந்தில்லாமல் வாழ்ந்த காலமும் எச்.ஐ.வி.-1-க்கு 8.2 ஆண்டுகள், எச்.ஐ.வி.-2-க்கு 15.6. இந்த எண்களைக் கொஞ்சம் நின்று படித்தால், "மென்மை" என்ற பேச்சு அடங்கிவிடும். தாமதமாகிறது, தவிர்க்கப்படவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி.-2-ம் எய்ட்ஸில்தான் போய் நிற்கும் என்பதே அந்த ஆய்வு சொன்னது. அதற்கு முன்பு பலர் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். வாழ்நாள் முழுக்க வைரஸை உடம்பே அடக்கி வைத்திருக்கும் ஒரு சிலரும் இருக்கிறார்கள், ஆனால் அந்த ஒரு சிலரில் நீங்கள் ஒருவரா என்று முன்கூட்டியே தெரியாது.

அதே ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.-யை அடக்கும்) மருந்துகள்தானா?

சில அதே மருந்துகள், சில கூடவே கூடாது. வகை பிரிப்பதன் அவசியம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

நெவிரபின், எஃபாவிரென்ஸ் போன்றவை எச்.ஐ.வி.-2-இல் வேலை செய்யாது. எதிர்ப்புத்தன்மை உருவாகி அப்படி ஆகவில்லை. பிறவியிலேயே அந்த வைரஸின் என்சைமில் இந்த மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் இடம் மாறியிருக்கிறது. ரில்பிவிரினும் அதே குடும்பம், ஆகவே கபோடெக்ராவிர்–ரில்பிவிரின் ஊசியும் ஏற்றதல்ல. என்ஃபுவிர்டைடும் பயனில்லை. அட்டசனாவிரையும் நம்ப முடியாது.

வேலை செய்பவை: டெனோஃபோவிர், லாமிவுடின் வகையினர், டொலுடெக்ராவிர் குடும்பம், பிறகு லோபினாவிர், டருனாவிர்.

பல வருடங்கள் உலகின் பெரும்பகுதியில் முதல் வரிசைச் சிகிச்சை என்பது டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. எச்.ஐ.வி.-2 உள்ளவர் அதைச் சாப்பிட்டால் மூன்றில் ஒன்று வெறும் சுமை. மீதி இரண்டு மட்டும் போராடும், வைரஸ் விரைவில் அந்த இரண்டையும் தாங்கப் பழகிவிடும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் டொலுடெக்ராவிரை முதல் வரிசைக்குப் பரிந்துரைத்த பிறகு இந்தச் சிக்கல் வெகுவாகத் தணிந்தது, அது இரண்டு வகைக்கும் பொருந்துவதால். ஆனாலும் பழைய மருந்தில் தொடர்பவர்கள், மருந்து மாற்ற வேண்டி வருபவர்கள், ஊசி மருந்துக்கு மாற நினைப்பவர்கள் தங்கள் வகை என்ன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்.ஐ.வி.-2 இருந்தால் எச்.ஐ.வி.-1 தொற்றாது என்பது உண்மையா?

1990-களில் செனகலில் செய்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. பிறகு வேறு இடங்களில் செய்தவை அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் சுவையான ஒரு முடிவு 2012-இல் கினி-பிசாவிலிருந்து வந்தது: முதலில் எச்.ஐ.வி.-2 தொற்றி, பிறகு எச்.ஐ.வி.-1-ம் தொற்றியவர்களுக்கு, எச்.ஐ.வி.-1 மட்டும் உள்ளவர்களைவிட நோய் மெதுவாகவே முற்றியது. ஏன் என்பது தடுப்பூசி ஆய்வாளர்களை இன்றும் இழுக்கும் கேள்வி. இரண்டும் உள்ளவருக்கு நடைமுறையில் தேவை, இரண்டையும் அடக்கும் மருந்துக் கூட்டு.

கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்கு வருமா?

சிகிச்சையே இல்லாதபோது எச்.ஐ.வி.-1 குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். எச்.ஐ.வி.-2-க்கு அது 0 முதல் 4 சதவீதத்துக்குள்தான். குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ஆகவே கர்ப்ப காலத்தில் சிகிச்சை வேண்டும். குழந்தைக்கு நெவிரபின் கொடுப்பது எச்.ஐ.வி.-1-க்கான வழக்கம், எச்.ஐ.வி.-2-க்கு அது பயன்படாது, வேறு மருந்து தேவை. தாயின் பிரசவக் கோப்பில் வகை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவ அறையில் அவசரத்தில் யாரும் பழைய ஆய்வக முடிவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

குறைந்துவருகிறது என்றால் இனியும் கணக்கெடுப்பது எதற்கு?

கினி-பிசாவ் தலைநகரிலும் 1996-இல் 7.4 சதவீதமாக இருந்தது 2006-இல் 4.4 ஆனது. இறங்குமுகம்தான். ஆனால் கணக்கெடுப்பு நின்றால் நடைமுறையில் நடப்பது இது: ஆய்வகம் எச்.ஐ.வி.-2-க்கான கிட் வாங்குவதை நிறுத்தும், மருந்துக் கொள்முதலில் மாற்று மருந்து இடம்பெறாது, புதிதாக வேலைக்கு வரும் மருத்துவருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. நூற்றில் இருவர் என்றாலும், அந்த இருவரை அடையாளம் காட்டுவது இந்தக் கணக்கெடுப்புதான்.

எச்.ஐ.வி.-3 உண்டா?

இல்லை. அவ்வப்போது "புது வகை கண்டுபிடிப்பு" என்று செய்தி வருவது பெரும்பாலும் எச்.ஐ.வி.-1-க்குள்ளேயே உள்ள உட்பிரிவுகளைப் பற்றியது. 2009-இல் பி (P) என்ற பிரிவு, பிரான்சில் வசித்த கேமரூன் நாட்டுப் பெண் ஒருவரிடம் கண்டறியப்பட்டது அப்படித்தான். 2019-இல் அறிவிக்கப்பட்ட எல் (L) என்ற துணைவகையும் எச்.ஐ.வி.-1-இன் பிரதானப் பிரிவைச் சேர்ந்ததுதான்.